கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு, நண்பரிடம் ஒரு கேள்வி

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம், முதன்முதலாக அப்ரைசல் எக்செல் ஷீட் என் கைக்கு வந்தது. அதுவரை கோட் மட்டும் எழுதிக்கொண்டிருந்த நான் அப்போது பதினொரு பேருக்கு லீட் ஆகியிருந்தேன். பதினொரு வரிசை, ஒவ்வொரு பெயருக்கும் நேராக அவரவர் சம்பளம். ப்ரொடக்‌ஷனில் எது விழுந்தாலும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சரிசெய்யும் பெண்ணின் பெயர் சம்பள வரிசையில் கீழிருந்து இரண்டாவதாக இருந்தது. அவருக்குப் பின்னால் சேர்ந்து, அவரிடமே வேலை கற்றுக்கொண்ட ஒரு பையன் வருடத்துக்கு நாலரை லட்சம் அதிகம் வாங்கிக்கொண்டிருந்தான். இருவருக்கும் அடுத்தடுத்த இருக்கை. மதியம் ஒன்றாகத்தான் சாப்பிடப் போவார்கள்.

என்ன காரணம் என்று விசாரித்தேன். சேரும்போது அந்தப் பெண் பழைய சம்பளத்தின் மேல் முப்பது சதவீதம் கேட்டார், கொடுத்தார்கள். பையன் அதே வேலைக்கு வெளியில் என்ன தருகிறார்கள் என்று நான்கு பேரிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தான். அவன் கேட்டதையும் கொடுத்தார்கள். திறமைக்கும் அந்த நாலரை லட்சத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த வருடம் அந்தப் பெண்ணுக்கு என்னால் வாங்கித்தர முடிந்த ஹைக் பதினெட்டு சதவீதம். அது போதவில்லை.

அடுத்த ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடப்போகிறவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

சி.டி.சி.யை உடைத்துப் பாருங்கள்

சி.டி.சி. என்பது உங்கள்மேல் நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. உங்கள் வங்கிக் கணக்குக்கு வருவது அதில் ஒரு பகுதிதான். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில், பெரும்பாலும் 'அனெக்ஸர்' என்ற தலைப்பில், ஒரு அட்டவணை இருக்கும். பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு அதன் முன் உட்காருங்கள்.

12 லட்சம் சி.டி.சி. என்று வைத்துக்கொள்வோம். மனம் உடனே மாதம் ஒரு லட்சம் என்று வகுத்துவிடும். அட்டவணை சொல்வது வேறு. வேரியபிள் பத்து சதவீதம், அதாவது 1,20,000. பேசிக் மாதம் 50,000 என்றால் நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு அதில் 12 சதவீதம், வருடத்துக்கு 72,000. கிராஜுவிட்டிக்கு என்று 28,846. குழு மருத்துவக் காப்பீட்டுக்கு 19,154. கூட்டினால் 2,40,000. இது எதுவும் மாதச் சம்பளமாக வராது. மிச்சம் 9,60,000, மாதத்துக்கு 80,000. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 6,000 போகும். சென்னையில் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, மாதக் கணக்கில் சுமார் 208. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 75,000 நிலையான கழிவு போக 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்பதால், இந்த உதாரணத்தில் வரிப்பிடித்தம் வராது. கைக்கு வருவது 73,800 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வீட்டு வாடகையையும் கடன் தவணையையும் இந்த எண்ணை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இந்த அட்டவணையில் மூன்று இடங்களில் நிதானியுங்கள்.

ஒன்று கிராஜுவிட்டி. கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தில் (இந்த உதாரணத்தில் பேசிக்) 26-ல் 15 பங்கை வேலை பார்த்த வருடங்களால் பெருக்கித் தருவார்கள். நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் நிறைந்தால்தான் கிடைக்கும். இரண்டு மூன்று வருடத்தில் மாறிவிடுவோம் என்று உங்களுக்கே தெரிந்தால், அந்த வரியை மனதுக்குள் அடித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று பி.எஃப். சட்டப்படியான வரம்பு 15,000 ரூபாய் என்பதால், சில நிறுவனங்கள் அதற்கு மட்டும் 12 சதவீதம், மாதம் 1,800 கட்டும். வேறு சில முழு பேசிக்குக்கும் கட்டும். மேலே சொன்ன அதே 12 லட்சத்தில் நிறுவனமும் நீங்களும் தலா 1,800 மட்டும் கட்டி, நிறுவனப் பங்கின் மீதியை ஸ்பெஷல் அலவன்ஸில் சேர்த்துவிட்டால் டேக் ஹோம் மாதம் 8,400 ரூபாய் கூடிவிடும். கூடிய பணம் புதிதாக வந்ததல்ல, உங்கள் பி.எஃப். கணக்குக்குப் போகவேண்டியது கைக்கு வருகிறது. இரண்டு ஆஃபர்களை டேக் ஹோமை மட்டும் வைத்து ஒப்பிட்டு ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வேரியபிள். "போன வருஷம் இந்த டீமுக்கு எத்தனை சதவீதம் வந்தது?" என்று எச்.ஆரிடம் கேளுங்கள். "நூறு சதவீதம் வரைக்கும் வரும்" என்பது பதில் ஆகாது. எண் வரும்வரை, வேரியபிளைப் பாதியாக வைத்தே கணக்கிடுங்கள். ஜாயினிங் போனஸ் இருந்தால் எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தரவேண்டும் என்ற வரியையும் தேடிப் படியுங்கள். அது எப்போதும் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

மணிக்கணக்கும் போடுங்கள்

73,800 ரூபாயை நாளுக்கு ஒன்பது மணி நேரம், மாதம் 22 நாள் என்று வகுத்தால் மணிக்கு 373 ரூபாய். அமெரிக்க டீமோடு ராத்திரி கால் இரண்டு மணி நேரம் சேர்ந்தால் அது 305 ஆகிறது. சிறுசேரிக்கு தாம்பரம் பக்கத்திலிருந்து ஷட்டிலில் போய்வரும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. ஆகவே இன்டர்வியூவின் கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?" என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஆன்-கால் முறை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை? அதற்குத் தனி அலவன்ஸ் உண்டா? ராத்திரி வேலை பார்த்தால் மறுநாள் விடுப்பு உண்டா? வாரத்தில் எத்தனை நாள் ஆஃபீஸ்? சம்பளம் இரண்டு லட்சம் குறைந்தாலும் ராத்திரி தூங்கவிடும் வேலையை எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர்கூட என்னிடம் வருத்தப்பட்டதில்லை.

இனி விசாரியுங்கள்

நம்மில் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். கல்யாண வீட்டில் யார் யாரோ நம் சம்பளத்தைக் கேட்பார்கள், சொல்லியும் விடுவோம். பக்கத்து இருக்கைக்காரர் கேட்டால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும். 'ஊழியர் தன் சம்பளத்தை வெளியிடக் கூடாது' என்று ஆஃபர் லெட்டரிலேயே ஒரு வரி இருக்கும். அந்த வரியால் லாபம் அடைவது யார் என்று அந்த எக்செல் ஷீட்டைப் பார்த்த நாளில் எனக்குப் புரிந்தது.

அமெரிக்காவில் 1935-ல் வந்த தொழிலாளர் உறவுச் சட்டம், மேற்பார்வைப் பொறுப்பில் இல்லாத ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசிக்கொள்வதைப் பாதுகாக்கிறது. கூகுளில் பொறியாளராக இருந்த எரிக்கா பேக்கர், தானும் சக ஊழியர்களும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் சம்பளத்தைப் பகிர்ந்துகொண்டதை 2015-ல் வெளியில் சொன்னார். அதைக் காட்டிச் சிலர் உயர்வு கேட்டு வாங்கினார்கள் என்றும் சொன்னார். கொலராடோவில் 2021 முதலும் கலிஃபோர்னியாவில் 2023 முதலும் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போடவேண்டும் என்பது சட்டம். அங்கே வரம்பைப் போடும் அதே கம்பெனியின் சென்னை விளம்பரத்தில் 'இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்ட்' என்று இரண்டு வார்த்தை மட்டும் இருக்கும். நமக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு இல்லை என்பதால் கவனமாகச் செய்ய வேண்டும், செய்யாமல் விடக் கூடாது.

எப்படிக் கேட்பது? "உன் சம்பளம் எவ்வளவு?" என்று நேரடியாகக் கேட்டால் எதிராளி சுருங்கிவிடுவார். முதலில் உங்கள் எண்ணைச் சொல்லுங்கள். சாயங்காலம் டீக்கடையில் நடந்த ஒரு பேச்சு இன்னும் நினைவில் இருக்கிறது:

"அண்ணா, எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு. ஃபிக்ஸட் பதினொண்ணு, வேரியபிள் ஒண்ணு. ஜாவா பேக்கெண்ட். இது சரியான்னு தெரியல. நீங்க அஞ்சு வருஷத்துல இருந்தப்ப எவ்வளவு இருந்துச்சு?"

"பதினாலு இருந்துச்சுடா. அதுவும் மூணு வருஷத்துக்கு முன்னாடி."

அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கேட்டவர் தன் எண்ணைத் தந்தார். இன்றைய சம்பளத்தைக் கேட்காமல் பழையதைக் கேட்டார். அனுபவம், வேலை, ஃபிக்ஸட், வேரியபிள் என்று பிரித்துச் சொன்னார். லெவலையும் ஊரையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் கிடைக்கும் எண்ணை பெங்களூரு எண்ணோடு ஒப்பிட்டு மனம் நொந்துகொள்ள வேண்டியதில்லை.

யாரிடம் கேட்பது? கடந்த ஆறு மாதத்துக்குள் உங்கள் கம்பெனியிலிருந்து வேலை மாறியவர்தான் முதல் ஆள். அவருக்குச் சந்தை நிலவரம் தெரியும், உங்கள் கம்பெனியின் நிலவரமும் தெரியும், சொல்வதற்குப் பயமும் இல்லை. அடுத்து கல்லூரி சீனியர், உங்களுக்கு வேலை தேடித்தரும் கன்சல்டன்ட். கிளாஸ்டோர், ஆம்பிஷன்பாக்ஸ், லெவல்ஸ்.எஃப்.ஒய்.ஐ. போன்ற தளங்களையும் பாருங்கள், ஆனால் அவற்றில் பழைய எண்ணும் புதிய எண்ணும் கலந்து கிடக்கும். ஐந்து மனிதர்களிடம் கேட்டு வாங்கிய எண்களைத்தான் நான் நம்புவேன்.

ஆண்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் டீமில் உள்ள பெண்களிடம் உங்கள் எண்ணை நீங்களாகவே சொல்லுங்கள். ஆண்கள் டீக்கடையிலும் கிரிக்கெட் மைதானத்திலும் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் அவர்கள் காதுக்குப் போவதே இல்லை. ஒரே வேலைக்கு ஆண், பெண் என்று ஊதியத்தில் வேறுபாடு காட்டக் கூடாது என்பது 1976-ன் சம ஊதியச் சட்டம் முதலே இருக்கிறது. 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. வேறுபாடு இருப்பது தெரிந்தால்தானே அந்தச் சட்டத்தைக் காட்ட முடியும்.

சில எல்லைகளும் உண்டு. உங்கள் எண் உங்களுடையது. இன்னொருவர் நம்பிச் சொன்னதை அவர் பெயரோடு வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். ஆஃபீஸ் மெயிலிலும் சாட்டிலும் இந்தப் பேச்சு வேண்டாம். பே ஸ்லிப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். லீடாக உங்கள் பார்வைக்கு வந்த அடுத்தவர் சம்பளம் ஒருநாளும் வெளியே போகக் கூடாது.

எச்.ஆர். அழைக்கும்போது

"இப்போ எவ்வளவு வாங்குறீங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அமெரிக்காவின் சில மாநிலங்களில் இப்படிக் கேட்பதற்கே தடை உண்டு, இங்கே இல்லை. பொய் சொல்லாதீர்கள். பே ஸ்லிப், ஃபார்ம் 16, பி.எஃப். விவரம் எல்லாம் பின்னால் பார்ப்பார்கள். பதிலின் திசையை மட்டும் மாற்றுங்கள்: "மேடம், இந்த ரோலுக்கு, என் அனுபவத்துக்கு ஃபிக்ஸட் 15-லேர்ந்து 17 போகுதுன்னு விசாரிச்சேன். நான் 16 எதிர்பார்க்கிறேன். உங்க பேண்ட் என்ன?" அந்தப் பெண் முப்பது சதவீதம் என்று கேட்டதில்தான் சறுக்கினார். குறைந்த சம்பளத்தின் மேல் முப்பது சதவீதம் என்பது இன்னொரு குறைந்த சம்பளம். சதவீதத்தில் பேசாதீர்கள், ரூபாயில் பேசுங்கள்.

போனில் ஒப்புக்கொண்ட எல்லாவற்றையும் அன்றைக்கே ஒரு மெயிலாக எழுதி அனுப்பிவிடுங்கள். 'ஆறு மாதத்தில் ரிவிஷன் பண்ணித்தருகிறோம்' என்ற வாய்வார்த்தைக்கு, சொன்ன ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் மதிப்பே கிடையாது.

சேர்ந்த பிறகும், கிளம்பும்போதும்

முதல் சம்பளம் வந்ததும் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். நீங்கள் ஓய்வூதியத் திட்டத்திலும் உறுப்பினர் என்றால், மேலே உள்ள உதாரணத்தில் உங்கள் பங்கு 6,000 என்றும் நிறுவனத்தின் பங்கு 4,750 என்றும் இருக்கும். பணம் குறைகிறதே என்று பதற வேண்டாம். மீதி 1,250 ஓய்வூதியப் பகுதியில் தனியாக இருக்கும்.

ஏப்ரலில் ஹைக் என்றால் ஜனவரியிலேயே மேனேஜரிடம் பேசுங்கள். மார்ச்சில் ஷீட் எங்கள் கைக்கு வரும்போது மொத்தத் தொகை ஏற்கெனவே மேலே முடிவாகிவிட்டிருக்கும். செய்த வேலையை வாரம் ஒரு வரியாக எழுதிவைத்திருங்கள். 'நன்றாக உழைத்தேன்' என்பதற்குப் பதில் 'இந்த ரிப்போர்ட் நாற்பது நிமிடம் ஓடியது, இப்போது மூன்று நிமிடம்' என்று எழுதியிருந்தால், உங்களுக்காக மேலே வாதாடும் லீடுக்கு அது கையில் ஆயுதம்.

விலகும்போது 90 நாள் நோட்டீஸ், பை-அவுட் எந்தத் தொகையை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதையெல்லாம் முன்பே படித்து வைத்திருங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகிய ஊழியருக்கு ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தரவேண்டும். 45 நாள் ஆகும் என்று சொன்னால் இதைக் குறிப்பிட்டு மெயில் அனுப்புங்கள். ரிலீவிங் லெட்டரைக் காட்டி மிரட்டினால் தனியாகப் போராட வேண்டியதில்லை. ஐ.டி. ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கத் தடை இல்லை என்று தமிழ்நாடு அரசே 2016-ல் தெளிவுபடுத்திவிட்டது. சென்னையில் ஐ.டி. ஊழியர்களுக்கான அமைப்புகள் இயங்குகின்றன, அவர்களிடம் போங்கள்.

அந்தப் பெண் அடுத்த வருடம் வேறு நிறுவனத்துக்குப் போனார். போகுமுன் புது ஆஃபர் லெட்டரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கேன்டீனில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். வேரியபிளில் இருந்த ஒரு லட்சத்தை ஃபிக்ஸடுக்கு மாற்றக் கேட்டு வாங்கினார். உங்கள் கல்லூரியிலிருந்து இந்த வருடம் வேலைக்குச் சேரப்போகும் தம்பியோ தங்கையோ ஒருவர் இருப்பார். மூன்றரை லட்சம் என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு, மாதம் எவ்வளவு வரும் என்று தெரியாமல் இருப்பார். இந்த வாரமே அவரைக் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் அவருடன் உட்காருங்கள்.