கையில் லேசு, காலில்?

திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் விளையாட்டு ஷூவுக்கும் உள்ள தொடர்பு மாவட்டத்துக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. செய்யாறு சிப்காட்டில், தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்த லோட்டஸ் ஃபுட்வேர் ஆலை நைக்கி நிறுவனத்துக்காக ஷூ செய்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். அப்பர் தைப்பதும் சோல் ஒட்டுவதும் அவர்களுக்கு அன்றாடம். அதே மாவட்டத்தின் தலைநகரில், தேரடி வீதிப் பக்கம் ஒரு பெண் தனக்கென்று ஷூ வாங்கப் போனால் நடப்பது வேறு. கடைக்காரர் பெட்டியைத் திறந்து ஒற்றை ஷூவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பார். “தூக்கிப் பாருங்கக்கா, வெயிட்டே தெரியாது.” அவரும் தூக்கிப் பார்ப்பார், கட்டைவிரலால் உள்ளே அமுக்கிப் பார்ப்பார், விலை பேசுவார். காலின் முறை கடைசியில்தான் வரும், அதுவும் உட்கார்ந்த நிலையில்.

டாக்டர் நடக்கச் சொன்னார் என்று கிரிவலப் பாதையில் விடியற்காலை நடப்பவர்கள், டென்னிஸ் பயிற்சிக்குப் போகும் மகளுக்காக வருபவர்கள், கல்லூரிப் பெண்கள் என்று எல்லோரும் கேட்பது ‘லைட் வெயிட்’. அந்த ஒரு சொல்லைச் சுற்றி நிறைய நம்பிக்கைகள் சேர்ந்திருக்கின்றன.

“எடை குறையக் குறைய நல்லது”

இதற்கு ஆதரவாக ஒரு கணக்கே போடலாம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஓர் எட்டு 65 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஏறத்தாழ 21,500 எட்டுகள். ஒரு காலை 10,700 முறைக்கு மேல் தூக்கி வைக்க வேண்டும். ஷூவில் 50 கிராம் குறைந்தால், ஒரு காலுக்கு மட்டும் மொத்தம் அரை டன்னுக்கு மேல் மிச்சம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெருக்கலிலும் பிழை இல்லை. ஆனால் உடம்பு அப்படிக் கூட்டி வைத்துக்கொள்வதில்லை. ஓட்டக்காரர்களின் ஆக்சிஜன் செலவை அளந்த ஆய்வுகள் பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே விடையைத்தான் தருகின்றன: ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் செலவு சுமார் 1 சதவீதம் கூடும். நடைக்கும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆக 50 கிராம் என்பது அரை சதவீதம். மாரத்தான் ஓடுபவருக்கு அது பெரிது. காலை நடைக்குப் போகும் அம்மாவுக்கு, வழியில் ஒரு டீக்கு நிற்பதைவிடச் சின்ன விஷயம்.

கேட்க வேண்டிய கேள்வி, அந்த 50 கிராம் எங்கிருந்து போனது என்பது. மேல்துணி மெலிந்து போயிருந்தால் நல்லது, காற்றோட்டம் கூடும். அடியில் இருக்கும் ரப்பர் மெலிந்திருந்தால் ஷூ சீக்கிரம் தேயும். குதிகாலைப் பின்னாலிருந்து தாங்கும் விறைப்பான பகுதியும் நடுப்பாதத்தின் கீழே இருக்கும் தட்டும் போயிருந்தால், எடையோடு பாதுகாப்பும் போய்விட்டது. பெண்களுக்கான டென்னிஸ் ஷூக்கள் பெரும்பாலும் ஒன்று 280 முதல் 350 கிராம் வரை இருக்கும்; அதற்குக் கீழே வருபவைதான் ‘இலகு’ ரகம். சில நிறுவனங்கள் கனமான டென்னிஸ் மாடல்களின் அடிப்பாகத்துக்கு வெளிநாட்டுச் சந்தையில் 6 மாத உத்தரவாதம் தருகின்றன. இலகு மாடல்களுக்குப் பெரும்பாலும் அது கிடையாது. செய்தவர்களுக்கே தெரிந்த விஷயம் இது.

“மெத்து மெத்துன்னு இருந்தா கால் வலிக்காது, விலை கூடினா நிச்சயம் வலிக்காது”

மெத்தென்று இருப்பது குற்றமல்ல. கடையில் இரண்டு நிமிடம் நின்று பார்க்கும்போது எல்லா மெத்தும் சுகமாகத்தான் இருக்கும் என்பதே சிக்கல். மலிவான நுரை சில வாரங்களில் அமுங்கி, அமுங்கிய இடத்திலேயே நின்றுவிடும். விரலால் அமுக்கியதும் உடனே எழும்பி வருகிறதா என்று பார்ப்பது, எவ்வளவு ஆழம் அமுங்குகிறது என்று பார்ப்பதைவிட உபயோகமானது.

விலைக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் டண்டீயில் மூன்று பிராண்டுகளின் மலிவு, நடுத்தர, உயர்விலை ஓட்ட ஷூக்களை எடுத்துப் பாதத்தின் அடியில் விழும் அழுத்தத்தை அளந்தார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வில், அழுத்தத்திலும் சரி, போட்டவர்கள் சொன்ன சௌகரியத்திலும் சரி, விலைக்கேற்ற வித்தியாசம் தெரியவில்லை. இதை வைத்துக்கொண்டு நடைபாதையில் விற்கும் போலி லோகோ ஷூவும் ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. அந்த மலிவு ரகமும் பெயர்பெற்ற கம்பெனியின் சரக்குதான். ஒரு தரத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரங்கள் காலுக்குப் போய்ச் சேர்வதில்லை என்பது வரைக்கும் சொல்லலாம்.

அப்படியானால் எதை நம்புவது? ஏமாற்றம் தரும் அளவுக்கு எளிய பதில்: காலை. 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், ராணுவத்தினரிடம் பலவித இன்சோல்களைக் கொடுத்து, தங்களுக்குச் சுகமாகப் படுவதைத் தாங்களே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அப்படிப் போட்டவர்களுக்குக் காயங்கள் குறைந்தன. ஆளுக்கு ஆள் தேர்ந்தெடுத்தது வேறு வேறு. பாதத்தின் வளைவைப் பார்த்து ‘உங்களுக்கு இந்த ரகம்தான்’ என்று ஷூ ஒதுக்கும் முறையையும் அமெரிக்கப் படைகளில் சோதித்தார்கள். காயம் குறைந்ததாகத் தெரியவில்லை. பெரிய நகரங்களின் ஷோரூம்களில் கண்ணாடித் தட்டின் மேல் ஏற்றிக் காலைப் படம் பிடித்துக் காட்டும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

“லேடீஸ் மாடல்னா கலர்தான் வேற”

பாதி உண்மை, பாதி அநியாயம். பல காலம் நடந்தது அதுதான்: ஆண்களுக்கான லாஸ்ட்டை, அதாவது ஷூவுக்கு வடிவம் தரும் கால் அச்சை, சிறிதாக்கி, ரோஸ் நிறம் பூசி ‘லேடீஸ்’ என்று அனுப்பினார்கள். ஆனால் பெண்ணின் பாதம் ஆணின் பாதத்தைச் சிறிதாக்கிய நகல் அல்ல. அமெரிக்க ராணுவத்தினரின் கால்களை அளந்த 2001-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, நீளத்தைச் சமப்படுத்திய பிறகும் வடிவ வேறுபாடுகள் இருப்பதைக் காட்டியது. முன்பாதத்துக்கு இடம் போதும், குதிகால் மட்டும் உள்ளே ஏறி இறங்குகிறது என்று பெண்கள் சொல்வது இதனால்தான்.

நம் ஊர்க் காலுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்று தெரிந்தது. நாம் கடையில் கேட்கும் 5, 6, 7 எல்லாம் பிரிட்டிஷ் அளவு. நம் காலைப் பார்த்து வகுத்ததல்ல. அகலம் போதாதபோது அடுத்த நம்பரை எடுக்கிறோம். பிரிட்டிஷ் கணக்கில் ஒரு நம்பர் என்பது மூன்றில் ஒரு அங்குலம், சுமார் எட்டரை மில்லிமீட்டர். அகலத்துக்காக வாங்கிய அந்த நீளத்தில் கால் முன்னும் பின்னும் சறுக்கி, கொப்புளம் வருகிறது. பழி ‘இந்த கம்பெனி ஷூ சரியில்லை’ என்று கம்பெனி மேல் விழுகிறது. இந்திய அளவுமுறைக்கு ‘பா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பாரத் என்பதன் முதலெழுத்து.

நம்பர் குழப்பம் அதோடு முடியவில்லை. அமெரிக்கப் பெண்கள் அளவில் 7 என்பது நைக்கியில் பிரிட்டிஷ் 4.5, அடிடாஸில் 5.5. தோழியின் கால் நம்பரைக் கேட்டு ஆன்லைனில் ஆர்டர் போடுபவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே கணக்கெடுப்பு, பெண்களின் கால் வளர்ச்சி 11 வயதில் உச்சத்தைத் தொடுகிறது என்றும், ஆண்களுக்கு அது 15, 16 வயதில் என்றும் சொல்கிறது. ‘வளர்ற புள்ள’ என்று பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ஒரு நம்பர் பெரிதாக வாங்கித் தரும் பெற்றோர், காத்திருந்து ஏமாறத்தான் வேண்டும்.

“போடப் போட லூஸ் ஆயிடும்”

தோல் ஷூவுக்குச் சொன்னது. இன்றைய விளையாட்டு ஷூவின் மேல்பாகம் செயற்கை நூல், செயற்கைத் தோல், ஒட்டுப்படலம். அது அவ்வளவாக விரிந்து கொடுக்காது. கடையில் சுண்டுவிரலை நெருக்கினால் வீட்டிலும் நெருக்கும். இன்சோலை வெளியே உருவித் தரையில் போட்டு, அதன் மேல் ஏறி நின்று பாருங்கள். பாதம் இரு பக்கமும் வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் முழு அளவில் இருக்கும். நடக்கப் போகும் சாக்ஸையும் எடுத்துப் போங்கள். நின்ற நிலையில், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கடைக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை.

“ஸ்போர்ட்ஸ் ஷூ எல்லாம் ஒண்ணுதான்”

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. பள்ளிக்கூடத்து வெள்ளை கேன்வாஸ் ஷூ ஒன்றைப் போட்டுக்கொண்டே நாம் கபடியும் ஆடினோம், அணிவகுப்பும் போனோம். 1936-ல் இந்தியப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வந்த பாட்டாவின் அந்த ரகத்துக்குப் பெயரே ‘டென்னிஸ்’. பெயரில் டென்னிஸ் இருந்ததே தவிர, இன்றைய டென்னிஸ் கேட்கும் எதுவும் அதில் இல்லை.

2022 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்த டபிள்யூ.டி.ஏ. போட்டியில் பந்தை விட்டுவிட்டுக் கால்களைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். நேராக ஓடுவது கொஞ்ச நேரம்தான். பக்கவாட்டில் பாய்ந்து, ஒற்றைக் காலில் நிறுத்தி, எதிர்ப்பக்கம் திரும்புவதுதான் ஆட்டம். அந்த நிறுத்தத்தில் பாதம் ஷூவுக்குள் வெளிப்பக்கமாகத் தள்ளும். ஓட்ட ஷூவின் உயரமான, மென்மையான அடிப்பாகம் அங்கே சாய்ந்து கொடுக்கும். கணுக்கால் பிசகுவது அப்படித்தான். டென்னிஸ் ஷூ தரையோடு ஒட்டித் தாழ்வாக, ஓரம் அகன்று, கால்விரல் இழுபடும் உள்பக்கத்தில் தடித்த ரப்பரோடு இருப்பதற்குக் காரணம் இதுதான். மாறாக, டென்னிஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு 14 கிலோமீட்டர் நடந்தால் ஆபத்தில்லை, அலுப்புதான்.

வாங்கும் இடத்திலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று. குதிப்பக்கத்தை ஒரு கையிலும் முன்பக்கத்தை மறு கையிலும் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். டென்னிஸ் ஷூ நடுவில் எளிதில் முறுக்கக் கூடாது. பிறகு மடக்குங்கள்: விரல்கள் மடியும் இடத்தில் மட்டும் மடிய வேண்டும். பின்பக்கக் குதிகால் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே சரிந்துவிடக் கூடாது. மகள் வாரத்துக்கு மூன்று நாள் கோர்ட்டில் ஆடுகிறாள் என்றால், இந்த மூன்றிலும் தேறும் 320 கிராம் ஷூ, தேறாத 240 கிராம் ஷூவைவிட மேல்.

“வெறுங்கால்தான் எல்லாவற்றையும்விட நல்லது”

கிரிவலம் வெறுங்காலோடு போவது பக்தி. அதில் ஷூ பத்தி எழுதுபவனுக்கு வேலை இல்லை. ஆனால் அதையே உடம்புக்கு மருந்தாகச் சொல்லும்போது, எல்லாருக்கும் பொருந்தாது என்று சொல்லியாக வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்கு அது ஆபத்து.

இதைப் புரியவைத்தவர்களில் முக்கியமானவர் பக்கத்து வேலூரில்தான் இருந்தார். கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946 முதல் சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு வலி தெரியாமல் போவதே முக்கியக் காரணம் என்று காட்டினார். ஒரு கல்லோ சூடோ மட்டும் புண்ணாக்குவதில்லை. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழும் சாதாரண அழுத்தமே போதும். வலி தெரிந்தவர் தன்னறியாமல் நடையை மாற்றிக்கொள்வார். தெரியாதவர் அப்படியே நடந்து முடிப்பார். மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் அந்த வழியில் வந்தவைதான். இன்று சர்க்கரை நோய் மருத்துவர்கள் எழுதித் தருவதும் அதையே. உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ‘கால் சொல்வதைக் கேள்’ என்ற மேலே சொன்ன யோசனையும் உதவாது. அவர்கள் டாக்டர் சொல்வதைக் கேட்க வேண்டும், நடந்து வந்ததும் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு சுற்றுவது சூட்டுக்குக் கொஞ்சம் தடுப்பு, அவ்வளவுதான்.

“நல்ல ஷூவைப் பத்திரமா வெச்சா பல வருஷம் வரும்”

பட்டுப்புடவைக்குச் சரி. வெளிநாட்டிலிருந்து அண்ணன் வாங்கி வந்த ஷூ, பெட்டியிலேயே மூன்று நான்கு வருடம் இருந்து, முதல் நாள் நடையில் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்த கதை பல வீடுகளில் உண்டு. அது போலிச் சரக்கு என்று நினைப்பார்கள். பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்றின் ஈரத்தை வாங்கித் தானாகவே சிதையும். நம் புழுக்கத்தில் இன்னும் வேகமாக. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைத்தால் உள்ளே இருந்த ஈரமும் வெளியேறாது. இன்னொரு வகை நுரை உதிராது, ஆனால் துள்ளலை இழக்கும்; ஓட்ட ஷூவுக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் என்பது பொதுவாகச் சொல்லும் ஆயுள். தினம் நான்கு கிலோமீட்டர் நடப்பவருக்கு அது நான்கிலிருந்து ஏழு மாதம் வரை வரும். நடையில் அழுத்தம் குறைவு என்பதால் இன்னும் கொஞ்சம் தள்ளலாம். பழைய ஷூவை மேஜை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் மாற்றிவிடலாம். புதிதை வாங்கியதும் பௌர்ணமி வரை காத்திருக்காமல், ஒரு வாரம் தெருவில் போட்டு நடந்துவிட்டு அப்புறம் 14 கிலோமீட்டருக்குக் கிளம்புங்கள்.