வீட்டுக்குள் ஒரு கடல்

அஞ்சல்தலை சேர்ப்பவருக்குச் சலிப்புத் தட்டினால் ஏட்டை மூடி அலமாரியில் வைத்துவிடலாம். பத்து ஆண்டுகள் கழித்துத் திறந்தாலும் அஞ்சல்தலைகள் அப்படியே இருக்கும். பூப்பந்து ஆடுபவர் சில மாதங்கள் ஓய்வெடுத்துவிட்டு மீண்டும் மட்டையைக் கையில் எடுக்கலாம். ஆனால், வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. நீரைச் சுழற்றும் பம்பு சில மணி நேரம் நின்றுபோனாலே தொட்டியில் உயிர்வளி குறையத் தொடங்கும். தீபாவளிக்குச் சுங்கை சிப்புட்டில் உள்ள பாட்டி வீட்டுக்குப் போவதென்றாலும், தொட்டியை யார் பார்த்துக்கொள்வார் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். ஆகவே, செலவு மிகுந்துவிட்டது, இனி இதை விட்டுவிடலாமா என்ற கேள்வி எழும்போது, அதற்கு விடை காண்பது மற்றப் பொழுதுபோக்குகளில் உள்ளதைப்போல் எளிதாக இருப்பதில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்குக் கடல் தொலைவில் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் புகைவண்டி ஏறினால் கிள்ளான் துறைமுகத்திலேயே இறங்கலாம். அப்படியிருக்க, கடல்நீரைக் குடத்தில் மொண்டு வந்து தொட்டியில் ஊற்றினால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. கிள்ளான் கரையோரம் கண்டல் காடுகளும் சேற்று நிலங்களும் நிறைந்தது. ஆற்று வண்டலும் கப்பல் போக்குவரத்தும் சேர்ந்து அந்நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கின்றன. பவளமும் பவளப்பாறை மீன்களும் வாழ்வதற்குத் தெளிந்த நீர் தேவை. அதனால், இங்குள்ள ஆர்வலர்கள் பெரும்பாலும் தூய்மையாக்கப்பட்ட நன்னீரில் இதற்கென்றே விற்கப்படும் உப்பைக் கரைத்துக் கடல்நீரைத் தயாரிக்கிறார்கள். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு வேண்டும். சமையல் உப்பு இதற்கு உதவாது. சுண்ணச்சத்தும் மெக்னீசியமும் உரிய அளவில் கலந்திருக்க வேண்டும்.

200 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் 20 லிட்டர். அதற்கு 700 கிராம் உப்பு செலவாகும். ஆண்டுக்கு 36 கிலோவுக்கும் மேல்! இதற்கிடையே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை நன்னீரால் ஈடுசெய்ய வேண்டும். புதியவர்கள் பலர் உப்புநீரை ஊற்றிவிட்டு, மீன்கள் ஏன் சோர்ந்து கிடக்கின்றன என்று வியப்பார்கள்.

உப்பைவிடப் பெருஞ்செலவு வைப்பது மின்சாரம். பவளங்களுக்கு 25, 26 செல்சியஸ் அளவில் நீர் இருப்பது நல்லது. நம் நாட்டில் பகல் வெப்பம் 30 செல்சியஸைத் தாண்டுவது வழக்கமாகையால், தொட்டிக்குத் தனியாக நீர்க் குளிரூட்டி வேண்டியிருக்கிறது. 250 வாட் குளிரூட்டி நாளுக்குப் பத்து மணி நேரமும், 100 வாட் விளக்கு எட்டு மணி நேரமும், மொத்தம் 60 வாட் கொண்ட பம்புகள் இரவு பகலாகவும் ஓடுவதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 4.74 யூனிட் செலவாகும். மாதத்திற்கு 142 யூனிட். 2014 முதல் 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை நடப்பிலிருந்த வீட்டு மின்கட்டண முறையில், 301 முதல் 600 வரையிலான யூனிட்டுகளுக்குத் தலா 51.6 சென் விதிக்கப்பட்டது. வீட்டின் மற்றத் தேவைகளுக்கே 350 யூனிட் ஆகும் குடும்பத்தில், தொட்டியின் செலவு முழுவதும் அந்த உயர்ந்த படியில்தான் போய் உட்காரும். கணக்குப் பார்த்தால் மாதம் 73 ரிங்கிட். ஆண்டுக்கு ஏறத்தாழ 880 ரிங்கிட். நீர்க் குளிரூட்டி தொட்டியிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அறைக்குள்தான் விடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அறை சூடேறியதும் வீட்டார் காற்றாடியின் வேகத்தைக் கூட்டுவார்கள். சிலர் குளிர்சாதனத்தையே முடுக்குவார்கள். அந்தச் செலவு இந்தக் கணக்கில் இல்லை.

வீட்டுக்குள் கடலை வைத்திருப்பது தொடக்கத்திலிருந்தே உழைப்பும் செலவும் மிகுந்த வேலையாகத்தான் இருந்திருக்கிறது. 1846இல் அன்னா தைன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, டார்க்கி கடற்கரையில் எடுத்த பவள உயிர்களை லண்டனில் உள்ள தம் வீட்டுக்குக் கொண்டு சென்று வளர்த்தார். நீரில் உயிர்வளி கலப்பதற்காக, அவர் வீட்டுப் பணிப்பெண் திறந்த சன்னலருகே நின்று ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்திற்கு நாள்தோறும் நீரை ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தாராம். இன்று பம்பு செய்கின்ற வேலையை அன்று செய்தவை அந்தப் பணிப்பெண்ணின் கைகள். 1853இல் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் என்ற இயற்கையியலாளர் இது பற்றி எழுதிய நூல் வெளிவந்ததும், இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் மோகம் பரவியது. மோகம் சில ஆண்டுகளில் அடங்கிவிட்டது. ஆனால், அதற்குள் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குப் போய்ப் பாறைக் குழிகளில் வாழ்ந்த உயிர்களை அள்ளி வந்துவிட்டார்கள். தம் தந்தையின் நூல் தூண்டிய ஆர்வத்தால் அந்தக் கரைகள் வெறுமையாகிப் போனதை, கோஸின் மகன் எட்மண்ட் 1907இல் வெளியிட்ட தம் நூலில் வருத்தத்துடன் பதிவு செய்திருக்கிறார்.

நம் வட்டாரத்திலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜக்கார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த நீர், உயிர்ப்பாறை, கதிரவன் ஒளி, காற்றுக் குமிழ்கள் ஆகியவற்றை மட்டும் கொண்டு பவளங்களை வளர்த்த முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். உயிர்ப்பாறை என்பது நுண்ணுயிர்கள் குடியேறிய பவளக் கல். மீன் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா நஞ்சாகும். அதை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பொறுமையின்றி முதல் நாளே மீனை விட்டவர்கள் பணத்தையும் மீனையும் ஒருசேர இழப்பார்கள். லீயின் தொட்டியில் கருவிகள் குறைவு. தூய கடல்நீரும் நல்ல வெயிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் அவற்றை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியுள்ளது.

இனி, கிள்ளான் செந்தோசாவில் பெற்றோருடன் வாழும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு ஆண்டுகளாகத் தொட்டி வைத்திருக்கிறார். தங்கைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. தந்தையின் கூடுதல் நேர வேலை குறைந்துவிட்டது. மின்கட்டணத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தாய் கேட்கிறார்: “தம்பி, நீ மீன் வளர்ப்பதை நான் குறை சொல்லவில்லை. தங்கச்சிக்கு அடுத்த மாதம் விடுதிக் கட்டணம் கட்ட வேண்டும். இதை இன்னும் எத்தனை நாளைக்கு இழுக்க முடியும்?”

“இதுவரை ஆறாயிரம் ரிங்கிட் போட்டிருக்கிறேன் அம்மா. இப்போது விட்டால் அத்தனையும் வீணாகிவிடுமே!”

மகனின் விடை நியாயமானதுபோல் தோன்றும். நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் பேசுவோம். பழுதடைந்துகொண்டே இருக்கும் காரை விற்க மனமின்றி மேலும் மேலும் செலவழிப்பவரும் இதையே சொல்வார். ஆனால், அந்த ஆறாயிரம் ரிங்கிட் ஏற்கெனவே கையை விட்டுப் போன பணம். தொட்டியை வைத்திருந்தாலும் அது திரும்பாது, விட்டுவிட்டாலும் திரும்பாது. பொருளியலாளர்கள் இதனை மூழ்கிய செலவு என்பார்கள். மீன்தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அவர் எண்ணிப் பார்க்க வேண்டியது அடுத்த மாதச் செலவையும், அந்தப் பணத்துக்கு வீட்டில் உள்ள வேறு தேவையையும்தான்.

அப்படியானால் உடனே தொட்டியைக் காலி செய்துவிடலாமா? அங்கேதான் இன்னொரு கேள்வி நிற்கிறது. பணம் போய்விட்டது, மீன் போகவில்லை. கோமாளி மீன் நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. நான்கு வயதுக் கோமாளி மீனுக்கு வாழ்நாளின் பெரும்பகுதி இனிமேல்தான் இருக்கிறது. வாங்கியபோது சில பத்து ரிங்கிட் கொடுத்திருக்கலாம். அந்த விலையை வைத்து அதன் வாழ்நாளை அளக்க முடியாது. இளைஞர் தம்மிடம் உள்ள உயிர்களுக்குக் கடன்பட்டிருக்கிறார். இந்தக் கடனை மூழ்கிய செலவோடு சேர்த்துக் கைகழுவ முடியாது. அதே வேளையில், கடன்பட்டவர் தாமே ஆயுள் முழுதும் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்பதும் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒருவரிடம் ஒப்படைத்தாலும் அந்தக் கடன் தீரும்.

மீன் எங்கிருந்து வந்தது என்பதும் முடிவைப் பாதிக்கும். கோமாளி மீன்கள் இப்போது பண்ணைகளிலேயே இனப்பெருக்கம் செய்யப்படுகின்றன. எல்லா இனங்களுக்கும் இது பொருந்தாது. பலரும் விரும்பும் நீல டாங் மீனைச் செயற்கைச் சூழலில் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்தெடுப்பதில் ஆய்வாளர்கள் முதன்முதலாக வெற்றி கண்டது 2016இல்தான். சுலாவெசிக்கு அருகிலுள்ள பாங்காய் தீவுகளை ஒட்டிய சிறு கடற்பகுதியே பாங்காய் கார்டினல் மீனின் தாயகம். மீன்தொட்டி வாணிபத்திற்காக அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால், 2007இல் அது அழியும் அபாயத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய மற்றொரு கொடுமையும் உண்டு. பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் மீனை மயக்கிப் பிடிப்பதற்காகச் சயனைடு நஞ்சைப் பீய்ச்சுவார்கள்; மீனோடு சுற்றியுள்ள பவளமும் பாதிக்கப்படும். இதையெல்லாம் அறிந்த பிறகு, தொட்டியைத் தொடர்வதாக முடிவெடுப்பவரும் புதிய மீன் வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்பார் என்று நம்பலாம்.

தொடர்வதற்கும் முழுதாக விடுவதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. தொட்டியில் மின்சாரத்தை அதிகம் விழுங்குவன குளிரூட்டியும் விளக்கும். இவ்விரண்டும் பெரும்பாலும் பவளங்களுக்காக ஓடுகின்றன. வழக்கமான அளவைவிட நீரின் வெப்பம் ஓரிரு செல்சியஸ் கூடி நீடித்தாலே பவளம் தன் நிறத்தை இழந்து வெளுக்கும். 2010இல் நம் கடலிலேயே இப்படி நேர்ந்தபோது தியோமான், ரெடாங், பாயார் தீவுகளின் முக்குளிப்பு இடங்கள் சில, பல மாதங்களுக்கு மூடப்பட்டன. கோமாளி மீன் 28 செல்சியஸிலும் நலமாக வாழும். எனவே, பவளங்களை வேறோர் ஆர்வலரிடம் கொடுத்துவிட்டு, பாறையையும் இரண்டு மீன்களையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். மின்விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் வீசச் செய்தால், நீர் ஆவியாகும்போது வெப்பம் தணியும்; அடிக்கடி நன்னீர் ஊற்ற வேண்டியிருக்கும், அவ்வளவே. செந்தோசா இளைஞருக்கு இது ஏற்ற வழி என்றே தோன்றுகிறது. வேலை மாறிப் பினாங்கில் வாடகை அறைக்குக் குடிபெயர்பவருக்கு இது உதவாது. 200 லிட்டர் தொட்டியில் நீரின் எடை மட்டுமே 200 கிலோவைத் தாண்டும்.

முழுதாக விடுவது என்று முடிவாகிவிட்டால், அவசரப்படாமல் வரிசை முறையோடு செய்ய வேண்டும். முதலில் பவளங்களை ஒப்படைக்கலாம். அவை வேகமாக நலிவடையும். கல்பவளங்கள் அனைத்துலக வாணிபக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. நம் நாட்டில் இதற்கென்று 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால், வாங்கியபோது பெற்ற இரசீதையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. அடுத்து மீன்கள். பெறுபவரின் தொட்டியை நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுப்பதில் தவறில்லை. மறுப்பவரிடம் கொடுக்காமல் இருப்பதே மேல். பாறையைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். அதில் வாழும் நுண்ணுயிர்களே நீரைத் தூய்மையாக வைத்திருக்கின்றன. மீன் இருக்கும்போதே பாறையை விற்றுவிட்டால் அமோனியா கூடிவிடும்.

எந்த நிலையிலும் மீனைக் கடலிலோ ஆற்றிலோ விடக் கூடாது. கிள்ளான் ஆற்றில் விட்ட கடல் மீன் பிழைக்காது. கடலில் விட்டால் பிழைக்கலாம். அப்போது வேறு தொல்லை வரும். நம் கடல்களைத் தாயகமாகக் கொண்ட சிங்க மீன், 1985இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையருகே காணப்பட்டது. மீன்தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அங்கே பெருகியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு பெண் மீன் ஆண்டுக்கு இருபது இலட்சம் முட்டைகள் வரை இடும். கரீபியக் கடல் முழுவதும் பரவிய அவ்வினம், அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது.

பாறையும் எடுத்தாகிவிட்டால் எஞ்சுவது கண்ணாடித் தொட்டியும் மூலைகளில் படிந்த உப்புமாகும். தொட்டியை நன்னீரில் பலமுறை அலசிக் காயவைத்தால், அதிலேயே கப்பியோ சண்டை மீனோ வளர்க்கலாம். குளிரூட்டி வேண்டாம், உப்பு வேண்டாம். 10 வாட் வடிகட்டி இரவு பகலாக ஓடினாலும் மாதத்திற்கு 7 யூனிட்டைச் சற்றே தாண்டும். முன்பு கணக்கிட்ட அதே கட்டணத்தில் ஏறக்குறைய 3 ரிங்கிட் 70 சென். கோமாளி மீனைப் பார்க்க வேண்டும் என்று மனம் ஏங்கும் வாரத்தில், 2003இல் கோலாலம்பூரில் திறக்கப்பட்ட அக்குவாரியா கே.எல்.சி.சி.க்குத் தங்கையையும் அழைத்துக்கொண்டு போய் வரலாம்.