கோபுரம் எழுந்தால் சபை வளருமா?

புதிதாக ஒரு சபை தொடங்கும் இடத்தில் சில நம்பிக்கைகள் தவறாமல் காதில் விழும். திருநெல்வேலிச் சபைகளின் வரலாற்றைப் புரட்டினால் அவை ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும்.

நம்பிக்கை: முதலில் பெரிய ஆலயம் கட்டவேண்டும், சனம் தானாக வரும்.

உண்மை: மிஷனரி கால்டுவெல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்தது 1841-இல். இன்று அங்கே நிற்கும் பரிசுத்த திரித்துவ ஆலயம் பிரதிஷ்டையானது 1880-இல். வேலையே முப்பது ஆண்டுக்கு மேல் இழுத்தது. அதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. அவர் மனைவி எலிசா அம்மையார் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலும் வந்துவிட்டது. சபைதான் கோபுரத்தைக் கட்டியது.

நம்பிக்கை: எல்லாம் வெள்ளைக்கார ஐயர்மார் செய்த வேலை.

உண்மை: இதுதான் நம்மவர் மனதில் ஆழமாக ஊறிய எண்ணம். பாளையங்கோட்டையில் முதல் சபைக்கு அடித்தளம் இட்டவர் கிளாரிந்தா என்ற பிராமண விதவை. மிஷனரி சுவார்ட்ஸ் 1778-இல் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் சுவார்ட்ஸ் இருந்தது தஞ்சாவூரில். ஊர் ஊராக நடந்தவர் 1790-இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஐரோப்பிய மிஷனரி எவருமே தங்கியிராத ஆண்டுகள் உண்டு. 1816-இல் இராணுவக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹவ், சபைகள் மெலிந்திருந்தாலும் உயிரோடு இருப்பதைக் கண்டார். அவற்றைக் காத்தவர்கள் நாட்டையர்கள் என்ற நம்மூர்க் குருமாரும் உபதேசியார்களும். கல்லறைக் கல்லில்கூடப் பெயர் இல்லாதவர்கள் அவர்களில் பலர்.

நம்பிக்கை: வெளிநாட்டுப் பணம் இல்லாமல் முடியாது.

உண்மை: பாதி சரி. சொந்த ஊரில் அடித்து விரட்டப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்காக உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் 1799-இல் முதலூரை உருவாக்கியபோது, நிலம் வாங்க ஓர் ஆங்கிலப் படை அதிகாரி உதவினார். மிஷனரி ரேனியஸ் 1827-இல் டோனாவூரை அமைத்ததும் ஜெர்மானியப் பிரபு டோனாவின் கொடையில்தான். கவனியுங்கள், அந்தப் பணம் குடியிருக்க நிலமாயிற்று; மேடையாகவோ மைக்செட்டாகவோ ஆகவில்லை. அடிபட்டு வந்தவனுக்கு அப்போது வேண்டியிருந்தது நிலம்தான்.

மீதிப் பாதிக்குப் பதில் 1903-இல் வந்தது. வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலானோர் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதே அதன் விதி. அது ஆட்களை அனுப்பிய தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு, 1912-இல் அசரியாவே பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்.