மோட்டார் சைக்கிளின் அறிவிப்பு விளக்குகளும் அவற்றின் பழுதுகளும்

நாவலப்பிட்டியைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் நெல்லும் மேட்டு நிலங்களில் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரர்க்கு மண்வெட்டியையும் மருந்து தெளிகருவியையும் போல மோட்டார் சைக்கிளும் ஒரு கமத்தொழில் உபகரணமாகிவிட்டது. விதைநெல், உரம், மரக்கறி ஆகியவற்றை விடியற்பொழுதின் மூடுபனியில் கம்பளை வீதியிலும் கினிகத்தேனை வீதியிலும் ஏற்றிச் செல்வோர் பலர். ஆயினும், கைபிடிக்கு முன்னுள்ள மானிப் பலகையில் எரியும் சிறு விளக்குகளைப் பொருட்படுத்துவோர் சிலரே. எண்ணெய் விளக்கைக் கவனியாது ஓட்டி எஞ்சின் இறுகிவிடின், ஒரு போகத்து இலாபம் திருத்தச் செலவிலேயே போய்விடும்.

1874ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை நாவலப்பிட்டியை அடைந்தது. அன்று முதல் இவ்வூரார் கைகாட்டி விளக்கை நன்கறிவர். சிவப்பு எரிந்தால் வண்டி நிற்கும். விளக்கே எரியாத கைகாட்டியையும் அபாயக் குறியாகவே கொள்ளுதல் புகையிரதச் சேவையில் வழங்கும் பொது விதி. மோட்டார் சைக்கிளுக்கும் இவ்விதி பொருந்தும். எரியவேண்டிய வேளையில் எரியாத விளக்கு நலத்தைக் குறிப்பதன்று. அதுவும் ஒரு பழுதேயாம்.

நிறங்களின் பொருள்

சிவப்பு உடனே நிற்க வேண்டியதையும், மஞ்சள் விரைவிற் கவனிக்க வேண்டியதையும் குறிக்கும். பச்சை, ஒரு பாகம் தொழிற்படுகின்றதென்பதைக் காட்டும். நியூட்ரல் விளக்கும் திருப்ப விளக்கும் இவ்வகையின. நீலம், முன்விளக்கின் உயர்கதிர் எரிவதைக் காட்டும்.

நாள்தோறும் செய்யவேண்டிய சோதனை

எஞ்சினை இயக்குமுன் சாவியை மட்டும் திருப்பி விளக்குகளை அவதானித்தல் வேண்டும். எண்ணெய் விளக்குள்ள வண்டியில் அது எரிந்து, எஞ்சின் இயங்கிய சில கணங்களில் அணைதல் வேண்டும். எரிபொருள் உட்செலுத்தும் வகை வண்டியில் எஞ்சின் விளக்கு சற்றே எரிந்து அணையும். ஏ.பி.எஸ். விளக்கு வண்டி சிறிது தூரம் ஓடிய பின்னரே அணையும். அணையாதிருப்பின் அவ்வமைப்புத் தொழிற்படவில்லை என்பது பொருள். சிறிய வண்டிகள் பலவற்றில் எண்ணெய் விளக்கே இராது. அத்தகைய வண்டியுடையோர் அளவுகோலைக் கொண்டு எண்ணெய் மட்டத்தைக் கிழமைதோறும் பார்த்தல் அவசியம்.

பழுதுக்கு ஏதுக்கள்

தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை இப்பகுதியிற் கடுமையாகப் பெய்வதால், வயர் இணைப்புகளில் நீர் புகுந்து பச்சைக் களிம்பு படிகின்றது. யூரியா, பொட்டாசு முதலிய உரங்கள் ஈரத்தை உறிஞ்சி உலோகத்தை அரிக்கும். சாக்கிலிருந்து சிந்திய உரம் இருக்கையின் கீழுள்ள இணைப்புகளைக் கெடுக்கின்றது. நெல் அடுக்கிய அறையில் வண்டியை நிறுத்தினால் எலிகள் வயரைக் கடிக்கும். ஆதலால் உரம் ஏற்றிய நாளன்றே வண்டியை மென்னீரால் கழுவித் துடைத்தலும், நெல்லறைக்கு வெளியே நிறுத்துதலும் உசிதம். வேகமாகப் பாயும் நீரை மானிப் பலகையின்மீது செலுத்தலாகாது.

பழுதறியும் முறை

1. எல்லா விளக்கும் எரியாவிடின்: முதலில் பியூசையும், அடுத்துப் பற்றரி முனைகளையும், பின் வண்டிச் சட்டத்தில் இணைந்துள்ள எர்த் வயரையும் பார்க்க. பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரி நிறைவாயின், ஓய்விலிருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ற்றுக் காட்டும். 12க்குக் குறையின் மின்னேற்ற வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் முன்விளக்கு எஞ்சின் இயங்கும்போதே எரியும், அது பழுதன்று.

2. நியூட்ரல் விளக்கு எரியாவிடின்: கியர்ப்பெட்டியிலுள்ள நியூட்ரல் சுவிச்சின் வயரைக் கழற்றி, சாவி திறந்த நிலையில் அதன் நுனியை எஞ்சினின் வெற்று உலோகத்தில் தொடுக. பெரும்பாலான வண்டிகளில் அப்போது விளக்கு எரியின் சுவிச்சே பழுது; எரியாவிடின் பழுது பல்பில் அல்லது வயரில் உள்ளது. கியரில் இருக்கையிலும் விளக்கு எரியின், வயர் எங்கோ உராய்ந்து உலோகத்தைத் தொடுகின்றது. இவ்வகைப் பொய்விளக்கை நம்பி இயக்கினால் வண்டி பாய்ந்து ஆளை வீழ்த்தும். ஆதலால் இயக்குமுன் வண்டியைச் சற்று உருட்டிப் பார்த்தல் நலம்.

3. திருப்ப விளக்கு விரைந்து சிமிட்டின்: அப்பக்கத்துப் பல்புகளில் ஒன்று எரிந்துபோயிருக்கலாம். குறைந்த மின்வலுவுள்ள பல்பைப் பொருத்தினாலும் இவ்வாறாகும். இரு பக்கமும் சிமிட்டாது எரிந்தே நிற்பின் பற்றரியையும் பிளாஷரையும் சோதிக்க.

4. ஓடும்போது எண்ணெய் விளக்கு எரியின்: பாதுகாப்பான ஓரத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை உடனே அணைக்க. சில நிமிடங்களின் பின், சமதரையில், கைந்நூலிற் கூறியவாறு எண்ணெய் மட்டத்தைப் பார்க்க. குறைந்திருப்பின் தகுந்த எண்ணெய் இடுக. மட்டம் சரியாயிருந்தும் விளக்கு அணையாவிடின் ஓட்டலாகாது. வண்டியை ஏற்றிக் கொண்டே கராஜ் சேர்த்தல் வேண்டும்.

செய்யத்தகாதன

பியூசுக்குப் பதிலாகக் கம்பியோ ஈயத்தாளோ வைத்தல் ஆகாது. வயர்த்தொகுதி முழுவதும் தீப்பற்ற இடமுண்டு. பழைய பியூசில் அச்சிட்ட அம்பியர் அளவையே புதியதும் கொண்டிருத்தல் வேண்டும். எரியும் எச்சரிக்கை விளக்கை வயர் வெட்டி அணைத்தல், நோயுற்ற பயிரின் இலையைக் கிள்ளியெறிந்து வேரைப் பாராது விடுவதை ஒக்கும். பற்றரியைக் கழற்றும்போது எதிர்முனை வயரையே முதலில் நீக்குதல் வேண்டும். எஞ்சின் விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் அணையாவிடின், தக்க கருவியுடைய தொழில்நுட்பவியலாளரிடம் காட்டுதல் சிறந்தது.

களிம்பைத் துடைக்க ஒரு சிறு தூரிகையும், மாற்றுப் பியூசுகள் இரண்டும், ஒரு திருகாணிச் செலுத்தியும் இருக்கையின் கீழ் இருப்பின் இப்பழுதுகளிற் பல வீட்டிலேயே தீரும். சிறுபோகத்துக்கும் பெரும்போகத்துக்கும் முன்னர் வயல்வரம்பையும் வாய்க்காலையும் செப்பனிடுவது போல, அவ்வேளையில் வண்டியின் இணைப்புகளையும் ஒருமுறை கழற்றித் துடைத்து உலர்த்தி இறுக்குக. எரியவேண்டியபோது எரிந்து, அணையவேண்டியபோது அணையும் விளக்கையே நம்புக. மற்றவற்றைச் சோதித்த பின்னரே வீதியில் இறங்குக.