பள்ளிக்கு முன்னே வீட்டில்

சங்கப் பரிசோதனைக்குச் செல்லுமிடங்களில், அங்கத்தினர் பலர் தம் மூன்று வயதுக் குழந்தையை நம் முன் நிறுத்தி, "அ, ஆ சொல்லிக் காட்டு" என்பர். நாமும் நம் மகளை அவ்வாறே பழக்கினோம். ஐம்பது வரை எண்ணத் தெரிந்த அவளுக்கு, சிறுநீர் கழிக்க வேண்டுமென்று ஆசிரியையிடம் சொல்லத் தெரியவில்லை. முதல் நாளே பாவாடை நனைந்தது. பத்து நாள் பள்ளிப் பக்கம் போக மறுத்தாள். பிழை நம்முடையதே.

1840-இல் 'குழந்தைத் தோட்டம்' என்னும் பெயரைச் சூட்டிய ஜெர்மானிய அறிஞர் பிரோபெல், முதல் விளையாட்டுப் பொருளாகத் தந்தது புத்தகமன்று. கம்பளி நூலால் பின்னிய ஆறு நிறப் பந்துகள். காகிதக் கீற்றுகளைக் கோத்து நெய்யவும் அவர் பழக்கினார். நம் தொழிலன்றோ அது! தறி வீட்டில் கழிவு நூலுக்கும் வெற்றுத் தார்க்குச்சிக்கும் பஞ்சமில்லை. குழந்தை நிறம் பிரிக்கட்டும்; எண்ணி அடுக்கட்டும். (தறிக்குழிப் பக்கம் மட்டும் விடற்க.) விவசாயி வீட்டில் வெண்டையும் கத்தரியும் போதும், புளியங்கொட்டையும் கடலையும் மூக்கில் நுழையும், வேண்டா.

தானே உண்ணல், கை கழுவல், தேவையை வாய்விட்டுக் கேட்டல் ஆகியவற்றைப் பள்ளி திறக்க ஒரு மாதம் முன்பே பழக்குதல் நன்று.

அரிதானது பிரிந்திருத்தல். முதலில் அரை மணி நேரம் அண்டை வீட்டில் விடுக. அழுமென்று அஞ்சிச் சொல்லாமல் நழுவுதல் கூடாது. குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது. "நீ சோறு உண்டதும் வருவேன்" என்று கூறி, அவ்வாறே வருதல் வேண்டும்.

நம் மகளுக்கு இதைப் பதினோராம் நாள்தான் தொடங்கினோம்.