மசக்கையில் வீட்டார் கடமை

கர்ப்பமுற்ற ஸ்திரீகளுக்கு முதல் மூன்று மாதங்களில் குமட்டலும் வாந்தியும் அயர்வும் உண்டாதல் சகஜம். பெரும்பாலும் நான்காம் மாதத்தில் இவை தணியும். எனினும் சங்க அங்கத்தினர்கள் தம் வீட்டில் இதை அசட்டை செய்தல் தகாது.

வெறும் வயிற்றில் குமட்டல் மிகும். ஆதலின் எழுந்தவுடன் சிறிது பொரி உண்டு, பின்னர் ஆகாரத்தை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொள்ளல் நலம். நீரும் மோரும் அடிக்கடி பருக வேண்டும். தாளிக்கும் நெடி ஒவ்வாதாயின் சமையலைப் பிறர் ஏற்க வேண்டும். கலவைப் பக்கத்திலிருந்து இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளுக்குச் செல்வோர், மேற்பார்வையாளரிடம் சொல்லி, இரசாயனமும் பசையும் புழங்காத வேலையைக் கேட்டுப் பெறுவது உசிதம்.

நீரும் தங்காத வாந்தி, சிறுநீர் குறைதல், இரத்தப்போக்கு, கடும் வயிற்றுவலி, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் கைவைத்தியத்தில் காலம் போக்காமல் 108 வண்டியை அழைக்க வேண்டும்.

ஆண் வைத்தியர் பார்க்கலாகாதென்று வீட்டார் மறுத்ததால் பிரசவத்தில் ஸ்திரீகள் மாண்டதைக் கண்டு மனம் நொந்த ஐடா ஸ்கடர் அம்மையார், பின்னர் வைத்தியம் கற்று, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியசாலை தொடங்கினார். இன்று கிராமச் செவிலியரே அருகில் இருக்கிறார். கர்ப்பத்தை மறைக்காது 12 வாரத்திற்குள் அவரிடம் பதிவு செய்தல் வீட்டார் கடமையாகும்.