பிரசவத்துக்குள் எந்தக் கடனை அடைப்பது?

கேள்வி: அக்கா, எனக்கு ஐந்தாம் மாதம். வீட்டுக்காரர் பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிறார்; நான் பனையோலைப் பெட்டி முடைகிறேன். வலைக்கு வாங்கிய வட்டிக் கடனும் மகளிர் குழுக் கடனும் இருக்கின்றன. எதை முதலில் அடைப்பது?
– ஒரு வாசகி, தோணிரேவு

பதில்: வட்டிக் கடனைத்தான், தங்கச்சி. நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி என்றால், 10,000 ரூபாய்க்கு வருஷத்தில் 6,000 ரூபாய் போய்விடும். அசல் அப்படியே நிற்கும். குழுவுக்குத் தவணையை மட்டும் தவறாமல் கட்டுங்கள். இறால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கவே வேண்டாம். வாங்கினால் அவர் சொல்லும் விலைக்குத்தான் இறாலைப் போட வேண்டியிருக்கும். வட்டி என்ற பேரே இல்லாமல் தினமும் போகும் நஷ்டம் அது.

கிராமச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கிவிட்டீர்களா? அந்த எண் இருந்தால், ஏழைக் குடும்பங்களுக்கு முதல் இரண்டு பிரசவங்கள்வரை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும், 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் உண்டு. பணம் தவணையாக, பிரசவத்துக்குப் பிறகும் வரும். அதைக் காட்டிப் புதுக் கடன் வாங்காதீர்கள். அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குக் கட்டணமில்லை, 108 வண்டிக்கும் இல்லை.

வட்டிக்காரர் வாசலில் நின்றாலும் உங்கள் முட்டை, கீரைச் செலவில் கை வைக்காதீர்கள். ஓலைப்பெட்டி விற்ற காசை உங்கள் பேரிலேயே தபால் அலுவலகக் கணக்கில் போட்டு வையுங்கள்.